ஸ்டாப் சொன்ன பிறகு

கீழே லாண்டரி. மேலே ஓர் அறை, சமையலுக்கு ஒரு மூலை, வெளியே துணி காயும் மொட்டை மாடி. எனக்கு முன்னால் குடியிருந்தவர் சத்தம் தாங்காமல் ஓடிவிட்டார் என்பதை லாண்டரிக்காரர் மறைக்கவில்லை.

"காலையில மெஷின் போட்டா சாயங்காலம் வரைக்கும் தரை ஆடும் தம்பி. அப்புறம் முன்னாடியே சொல்லலன்னு சண்டைக்கு வராதீங்க."

நான் அந்தச் சத்தத்துக்காகவே அறையை எடுத்தேன். மனைவி இறந்த பிறகு அமைதியான வீடு ஒன்றில் சில மாதம் இருந்து பார்த்திருந்தேன்.

வருவதெல்லாம் ஆஸ்பத்திரித் துணியும் விடுதித் துணியும்தான். மூட்டை மூட்டையாகப் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு. பின்சுவரை ஒட்டித் துவைக்கும் மெஷின்கள். பக்கத்தில் பிழியும் மெஷின். அது வேகம் எடுக்கும்போது மேலே என் மேஜையில் டம்ளர் தானாக நகரும். நடுவில் ரோலர், ஆள் நீளத்துக்கு ஒரு சூடான உருளை. ஈர விரிப்பின் முனைகளை இந்தப் பக்கம் இரண்டு பேர் பிடித்துக் கொடுத்தால் அந்தப் பக்கம் காகிதம் போல விறைத்து வரும். ஆவி எப்போதும் முகத்தில் அடிக்கும். மழைக்காலத்தில் சுவரிலிருந்து தண்ணீர் வடியும்.

அங்கே யாரும் யாரையும் வாயால் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் கேட்காது. தோளைத் தொட்டால் திரும்பிப் பார். முழங்கையை இழுத்தால் சாப்பிட வா. முதுகில் இரண்டு தட்டு விழுந்தால், என்ன வேலையாக இருந்தாலும் கையை எடு, அப்படியே நில். ரோலரில் விரல் மாட்டாமல் இருக்க வந்த பழக்கம். அந்த வீட்டுப் பிள்ளைகள் நடக்கப் பழகியபோதே இதையும் பழகியிருந்தார்கள்.

ரோலரில் நின்றது லாண்டரிக்காரரும் அவருடைய தங்கையும். ஒரே விரிப்பின் இந்த முனை அவரிடம், அந்த முனை அவளிடம். அவர் இழுத்தால் அவள் விடுவாள், அவள் உதறினால் அவர் பிடிப்பார். ஒரு மடிப்பு விழாது. ஆனால் ஏறக்குறைய ஒரு வருடமாக இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை.

"அண்ணி, ரோலர் பெல்ட் தேயுதுன்னு அண்ணன்கிட்டச் சொல்லுங்க" என்பாள் தங்கை, மெஷின் நின்ற நேரத்தில்.

"உங்கண்ணன் உனக்கு எதிர்லதான நிக்கிறாரு."

"நான் சொன்னாக் கேக்க மாட்டாரு."

"நான் சொன்னா மட்டும் கேட்டுட்டாரு பாரு. கல்யாணம் ஆனதுலேருந்து அதைத்தான் செஞ்சிட்டிருக்கேன்."

லாண்டரிக்காரர் சுவரைப் பார்த்து, "பெல்ட்டு நாளைக்கு மாத்துறேன்னு சொல்லு" என்பார்.

என் வேலை முடிந்த மதியங்களில் நானும் கீழே போய்த் துண்டு மடிக்கத் தொடங்கியிருந்தேன். யாரும் கூப்பிடவில்லை, யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பேச்சு நின்ற கதையை அப்படி மடித்துக்கொண்டிருக்கும்போதுதான் லாண்டரிக்காரரின் மனைவி எனக்குச் சொன்னார். அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

தங்கைக்கு இருபத்தாறு வயது. உயரம் குறைவு, முன்னங்கை ஆண்களுக்கு இருப்பதுபோல் இறுகியிருக்கும். பள்ளிக்கூடத்திலிருந்தே கராத்தே. போன வருடம் இறுதிப் போட்டியில் அவளுக்கு எதிரே தையல்கடையில் வேலை செய்யும் ஒரு பெண். அந்தப் பெண்ணின் கால் எல்லைக் கோட்டைத் தாண்டியது. நடுவர் ஸ்டாப் என்றார். தையல்கடைப் பெண் கையை இறக்கினாள். இவள் இறக்கவில்லை. குத்து தாடையில் விழுந்தது. எலும்பு உடைந்து, கம்பி போட்டுக் கட்டி, அந்தப் பெண் பல வாரம் உறிஞ்சு குழலில் கஞ்சி குடித்தாள்.

"விசாரணையில என்னம்மா நடந்துச்சுன்னு கேட்டாங்க. எனக்குக் கேக்கலன்னு சொன்னா" என்றார் அக்கா. "காதை டெஸ்ட் பண்ணச் சொன்னாங்க. பண்ணோம். ஊசி விழுந்தாக் கேக்குற காதுன்னு எழுதிக் குடுத்துட்டாரு டாக்டரு. அப்புறம் யாரு நம்புவா? ஒரு வருசம் வெளில ஒக்காருன்னுட்டாங்க."

"அண்ணன் என்ன சொன்னாரு?"

"அவரு பழம் வாங்கிட்டு அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போனாரு. அவங்கப்பா ஒண்ணும் சண்டை போடல. உங்க தங்கச்சிக்குக் காது கேக்காதான்னு மட்டும் கேட்டிருக்காரு. இவரு கேக்கும்னுட்டு வந்துட்டாரு. அன்னிக்கு நின்ன பேச்சுதான். அடிச்சதுகூடப் போவட்டும், பொய் சொல்லிட்டாளேங்கிறாரு."

அக்கா ஒரு துண்டை உதறினார்.

"தடை முடியப் போவுது. அடுத்த போட்டிக்குப் பேரு குடுக்கலாம். ஆனா ஸ்டாப் சொன்னப்புறம் இன்னொரு அடி பட்டா ஆயுசுக்கும் கெடையாதாம். போவ மாட்டேங்கிறா."

"பயமா?"

"அவகிட்டயே கேளுங்க."

கேட்கவில்லை. அவளே ஒருநாள் சொன்னாள். மாடியில் விரிப்பு காயப்போட வந்தவள் கிளிப்பை வாயில் வைத்துக்கொண்டே பேசினாள்.

"மாடி சார், உங்கள ஒண்ணு கேக்கட்டா. இந்தச் சத்தத்துல எப்படி இருக்கீங்க?"

"கேக்காம இருக்கப் பழகிட்டேன்."

கிளிப்பை எடுத்தாள். "எல்லாரும் நான் பொய் சொல்றேங்கிறாங்க. நெசமாக் கேட்டா எனக்கே தெரியல சார். கேக்கலையா, இல்ல கேட்டும் அடிச்சேனா. அடிக்கும்போது உள்ள சந்தோசமாத்தான் இருந்துச்சு. அது மட்டும் ஞாபகம் இருக்கு. நான் அப்படிப்பட்டவள்னா திரும்ப அங்க போய் நிக்கவே கூடாதுல்ல."

விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

விடை ஒரு மத்தியானம் வந்தது. மெஷின் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வாசலில் நின்று கூப்பிட்டார். யாரும் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டார். மூன்றாம் முறை, "கடை தீப்பிடிச்சு எரியுது, எல்லாரும் கருகிச் சாவுங்க" என்று நிதானமாகச் சொன்னார். அண்ணனும் தங்கையும் விரிப்பை ரோலருக்குள் விட்டுக்கொண்டே இருந்தார்கள். துணிக்கூடைக்குள் தூங்கிய அக்காவின் கைக்குழந்தைகூட அசையவில்லை. மெஷின் நின்றால்தான் அது விழித்து அழும்.

அக்கா பாத்திரத்தைக் கீழே வைத்தார். போய்த் தங்கையின் முதுகில் இரண்டு தட்டு தட்டினார். விரிப்பு பாதி வழியில் இருந்தது. அவள் கை காற்றில் அப்படியே நின்றது, ஆணியடித்த மாதிரி.

அக்கா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தார். "கல்யாணமான புதுசுல இந்த வீட்டுல எல்லாரும் என்மேல கோவமா இருக்காங்கன்னு நெனச்சேன். கூப்பிட்டா ஒருத்தரும் திரும்ப மாட்டீங்க. அம்மாகிட்டப் போய் அழுதேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, தொட்டாத்தான் உங்களுக்கு ஆள் இருக்குறதே தெரியும்னு."

"இப்ப எதுக்கு அந்தக் கதை?" என்றார் லாண்டரிக்காரர்.

"வாயால நிறுத்துன்னு சொன்னா இவளுக்கு நிறுத்தத் தெரியாது. பொறந்ததுலேருந்து முதுகுல தட்டித்தான நிறுத்தியிருக்கீங்க. அந்த நடுவரு தட்டுனாரா?"

"இங்க மெஷினு ஓடுது. அங்க எந்த மெஷினு ஓடுச்சு?"

"அவ்வளவு பேரு கத்துனாங்களே, அதைவிட மெஷினு வேணுமா?"

"எனக்குக் கேட்டுச்சு" என்றார் அவர். "கடைசி வரிசையில நின்ன எனக்கே கேட்டுச்சு. நானும் இதே வீட்டுலதான் பொறந்தேன்."

தட்டோடு எழுந்து போய்விட்டார். தங்கை சோற்றில் கை வைத்தபடி அண்ணியையே பார்த்தாள்.

அன்று மாலை அக்கா அவளைப் பயிற்சிக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். மாஸ்டர் பகலில் பஸ் கண்டக்டர். அவளைவிட வயதில் சிறியவர். அக்கா சொன்னதைக் கேட்டார், சிரிக்கவில்லை. கையில் பஞ்சுத் திண்டு மாட்டிக்கொண்டு அவளை அடிக்கச் சொன்னார். நடுவில் ஸ்டாப் என்றார். அதற்குப் பிறகும் ஒரு அடி விழுந்தது. மறுபடி. மறுபடியும் ஒரு அடி மிச்சமாக விழுந்தது. பிறகு அக்காவைப் பின்னால் நிற்க வைத்தார். கூடமே சத்தமாக இருந்தது. அக்கா முதுகில் தட்டினார். குத்து பாதியில் நின்றது.

மாஸ்டர் திண்டைக் கழற்றிவிட்டுத் தங்கையிடம் திரும்பினார். "அக்கா, ஆரம்பத்துலயும் முடிவுலயும் கண்ண மூடி உக்காந்து, இங்க என்னென்ன கேக்குதோ அத்தனையும் கேளுங்கன்னு இத்தனை வருசமாச் சொல்றேன். அப்ப என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"அடுத்து எங்க அடிக்கலாம்னு யோசிச்சிட்டிருந்தேன் மாஸ்டர்."

"நல்லாருக்கு. நான் என்னடான்னா, எவ்ளோ அமைதியா உக்காந்திருக்காங்க பாருங்கன்னு மத்தவங்களுக்கெல்லாம் உங்களத்தான் காட்டிட்டிருந்தேன்."

அதன் பிறகு எங்கள் மொட்டை மாடிதான் கூடம். கந்தல் துணியைத் திணித்த ஒரு மூட்டையைக் கம்பியில் தொங்கவிட்டார்கள். கீழே மெஷின் ஓடும் நேரமாகப் பார்த்து அவள் வருவாள். அவள் குத்த, பின்னால் உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடி அக்கா தோன்றியபோது ஸ்டாப் என்பார். சாதாரணக் குரலில்தான். கத்தினால் கணக்கில்லை என்பது அவர்கள் ஒப்பந்தம்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அவள் அந்தச் சொல்லுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தாள். நின்றாள், ஆனால் அடி செத்துப்போயிற்று. மூட்டை அசையவே இல்லை.

"என்ன, தடவிக் குடுக்கிறியா?" என்றார் அக்கா.

"காதைக் குடுத்தாக் கை போயிடுது அண்ணி. கையக் குடுத்தாக் காது போயிடுது."

"நீ ஒண்ணையும் குடுக்காத. கொழந்த தூங்குது, நான் காய் நறுக்குறேன். எப்ப முழிக்கும்னு ஒக்காந்தா காத்திட்டிருக்கேன்? கத்தி பாட்டுக்குப் போவுது. அது சிணுங்குனா எனக்குத் தெரியுது. அதுக்குன்னு தனியாக் காது வச்சுக்கல."

"எனக்குக் கொழந்த இல்லியே."

"அதான் ஒண்ணு குடுத்திருக்கேனே. நீ குளிப்பாட்டுற லட்சணத்துல அதுக்குக் காதுக்குள்ள சோப்பு."

அவள் சிரித்துவிட்டு மறுபடி குத்தத் தொடங்கினாள். அந்தச் சிரிப்போடு ஐந்தாறு குத்து விழுந்தது. ஸ்டாப். நின்றாள். மூட்டை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

சில வாரத்தில் அண்ணியின் குரல் பழகிவிட்டது என்றாள். தெரியாத குரல் வேண்டும். என்னைப் பார்த்தார்கள். அறை வாசலில் நின்று ஸ்டாப் என்றேன். சத்தம் வரவில்லை. எனக்கே அப்போதுதான் தெரிந்தது, சத்தமாகப் பேசி எவ்வளவு நாளாயிற்று என்று.

"தொண்டையக் கனைச்சுட்டுச் சொல்லுங்க தம்பி" என்றார் அக்கா, வெங்காயத்திலிருந்து தலை நிமிராமல்.

கனைத்துவிட்டுச் சொன்னேன். அவள் நின்றாள்.

கீழேயும் ஒரு மாற்றம் வந்தது. ஒருநாள் ரோலரில் நின்றவள் தலையைச் சாய்த்தாள். "அண்ணி, மூணாவது மெஷின்ல என்னமோ கெடக்கு. உலோகம்." யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. லாண்டரிக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு மெஷினை நிறுத்தி, விரிப்புகளை அள்ளி வெளியே போட்டார். அடியில் ஆஸ்பத்திரி ஸ்பூன் ஒன்று. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் டிரம்மைக் கிழித்திருக்கும். ஸ்பூனைச் சட்டையில் துடைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

என்னிடமும் ஒருநாள் சொன்னாள். "மாடி சார், நீங்க ராத்திரியெல்லாம் நடக்கிறீங்க. இத்தனை நாளா எங்களுக்கு அது தெரியவே இல்ல."

மறுநாளிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டுக்கு அக்கா என்னைக் கீழே வரச் சொல்லிவிட்டார்.

அவள் போட்டிக்குப் பெயர் கொடுத்தாள். லாண்டரிக்காரர் வரமாட்டேன் என்று சுவரிடம் சொன்னார். போட்டியன்று காலை வேனை எடுத்து வாசலில் நிறுத்திவிட்டு, "அந்தப் பக்கம் டெலிவரி இருக்கு. வேணும்னா ஏறிக்கச் சொல்லு" என்றார் மனைவியிடம். பின்னால் ஏறிப் பார்த்தோம். வேன் காலியாக இருந்தது.

"என்னத்த டெலிவரி பண்ணப் போறீங்க, எங்களையா?" என்றார் அக்கா. அவர் கியரைப் போட்டார்.

தகரக் கூரை போட்ட பெரிய உள்ளரங்கம். உள்ளே நுழைந்ததுமே சத்தம் மேலே மோதித் தலையில் விழுந்தது. பிழியும் மெஷின் வேகம் எடுக்கும்போது வரும் அதே இரைச்சல். அவள் வாசலில் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். மாஸ்டர் அவசரப்படுத்தவில்லை.

முதல் சுற்று சுலபமாக முடிந்தது. இரண்டாவதில் தையல்கடைப் பெண் வந்து நின்றாள். தாடையில் இருந்த தழும்பு, மேல் வரிசையில் உட்கார்ந்திருந்த எங்களுக்கே தெரிந்தது. எங்களைச் சுற்றி இருந்தவர்களுக்குக் கதை தெரியும். "இதுதான் அந்தத் தாடைய ஒடச்சது" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். லாண்டரிக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து சிவந்தது.

இரண்டு பேரும் நன்றாக ஆடினார்கள். எனக்கு அந்தக் கலை தெரியாது. ஆனால் ரோலருக்கு எதிரெதிரே நிற்கும் இரண்டு பேரைப் பார்த்துப் பழகியிருந்ததால் ஒன்று புரிந்தது. ஒருத்தி எடை மாற்றுவதற்கு முன்பே மற்றவளுக்கு அது தெரிந்துவிடுகிறது. தையல்கடைப் பெண் ஒரு புள்ளி முன்னால் போனாள். இவள் எடுத்தாள். அவள் மறுபடி எடுத்தாள். கடைசி நிமிடம். கூட்டம் எழுந்துவிட்டது. லாண்டரிக்காரரும் எழுந்துவிட்டார். ஒரு வருடம் பேசாத வாய் கத்தியது.

"உள்ள போ. உள்ள போ. அடி."

அவள் உள்ளே போனாள். தையல்கடைப் பெண் பின்னால் நகர்ந்தாள், இன்னும் நகர்ந்தாள், கை தாழ்ந்தது, முகம் திறந்தது. இவள் இடுப்பு திரும்பியது. முழு எடையோடு குத்து கிளம்பியது.

நின்றது.

அந்தத் தாடைக்கும் இவள் கைமுட்டிக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும். தையல்கடைப் பெண் கண்ணை இறுக மூடியிருந்தாள். காலடியில் கோடு. குதிகால் கோட்டுக்கு வெளியே.

அரங்கம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. லாண்டரிக்காரர் மட்டும், "அடி, அடி" என்று இன்னும் கொஞ்சம் கத்திவிட்டு நிறுத்தினார்.

"என்னாச்சு? ஏன் நின்னுட்டா? தெறந்துல்ல கெடந்துச்சு."

"ஸ்டாப் சொன்னாங்க" என்றார் அக்கா.

"எப்ப?"

அக்கா அவரைப் பார்த்தார்.

"தம்பி, உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு அண்ணே."

அவர் மெதுவாக உட்கார்ந்தார். கீழே ஆட்டம் மறுபடி தொடங்கி, அதிக நேரம் ஓடாமல் முடிந்தது. நடுவர் தையல்கடைப் பெண்ணின் கையைத் தூக்கினார். ஒரு புள்ளி. லாண்டரிக்காரர் அதைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை.

"அன்னிக்கும் எனக்குக் கேக்கல" என்றார். "நடுவரு கையத் தூக்குனதைப் பாத்தேன். பாத்ததத்தான் கேட்டேன்னு நெனச்சிட்டிருந்திருக்கேன். அவளுக்கு அந்தாளு பின்னால நின்னான். அவ எப்படிப் பாத்திருப்பா?"

"எழுந்திரிங்க, கீழ போவோம்" என்றார் அக்கா.

நாங்கள் இறங்கிப் போனபோது இரண்டு பெண்களும் தண்ணீர் பாட்டில் ஒன்றை மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் கண்ண மூடிட்டேன்டி" என்றாள் தையல்கடைப் பெண். "சத்தியமா இன்னொரு தடவ கஞ்சிதான்னு நெனச்சேன்."

"நானும் பயந்துதான் போனேன்."

"பயந்த மாதிரி தெரியல. அப்படியே ஃபோட்டோ புடிச்ச மாதிரி நின்ன." அவள் எங்களைப் பார்த்ததும் லாண்டரிக்காரருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு நகர்ந்தாள்.

அண்ணனும் தங்கையும் நின்றார்கள். நடுவில் சுவர் எதுவும் இல்லாததால் அவர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தார்.

"எனக்குக் கேக்கலம்மா" என்றார்.

"தெரியும்ண்ணே."

"எப்படித் தெரியும்?"

"ஸ்டாப் சொன்னதும் ஒவ்வொருத்தரா வாய மூடிட்டாங்க. ஒரே ஒரு கொரல் மட்டும் அடி அடின்னு கத்திட்டிருந்துச்சு. இந்தாளு எங்க வீட்டு ஆளுன்னு நெனச்சுக்கிட்டேன்."

அவருக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று சொல்ல முடியவில்லை. இரண்டும் சேர்ந்து இருமலாக வெளியே வந்தது. "அந்தப் பொண்ணோட அப்பாவும் வந்திருக்காரு. வா" என்றார். "எங்க?" என்றாள். "வான்னா வா. நான் பேசணும். நீ பக்கத்துல நில்லு." அவள் நின்றாள். அவர் அந்த மனிதரிடம் என்ன பேசினார் என்பது இரைச்சலில் எங்களுக்குக் கேட்கவில்லை. அவர் கை மட்டும் தெரிந்தது. காதைக் காட்டியது, தன் நெஞ்சைக் காட்டியது, பிறகு தங்கையின் பக்கம் திரும்பி நீண்டது. அந்த மனிதர் எழுந்து நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் டீக்கடையில் வேனை நிறுத்தினார். டீ ஆற்றுகிறவரிடம் சொன்னார். பெட்ரோல் போட்ட பையனிடம் சொன்னார். வீட்டுக்கு வந்ததும், வேலை முடிந்து கிளம்பிக்கொண்டிருந்த ஆட்களை நிறுத்தி வைத்துச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் கையை ஓங்கி, இடுப்பைத் திருப்பி, ஒரு விரல் இடைவெளியில் நிறுத்திக் காட்டினார்.

"முழு வேகத்துல வருது. அவ்ளோ சத்தத்துல ஒரே ஒரு வார்த்தை. எனக்குக் கேக்கல. எந்தங்கச்சிக்குக் கேட்டுச்சு. இந்தா, இங்க. இவ்ளோதான் இடம். நிக்குது."

கேட்டவர்கள் எல்லாரும் அந்த இடைவெளியையே குனிந்து பார்த்தார்கள். ஆட்டத்தில் யார் ஜெயித்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.